மூன்று மூன்றாம் இடங்கள்

கரூரில் ஒரு ட்யூஷன் சென்டர் மாடியில் சனி, ஞாயிறு மாலைகளில் பிள்ளைகளுக்கு செஸ் சொல்லித் தருகிறேன். பகலில் இன்சூரன்ஸ் வேலை. ஃபிடே, அதாவது உலக செஸ் சங்கம், ஆட்ட பலத்துக்குத் தரும் ரேட்டிங் எண் எனக்கு 1600 சொச்சம், அதுவும் சில வருடங்களாக இறங்குமுகம். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கீழே உலகத் தரத்து ஆட்டக்காரர்களைப் பற்றி ரொம்ப உரிமையோடு பேசப் போகிறேன்.

போன ஐப்பசி மழையில், என்னிடம் படிக்கும் பதினோரு வயதுப் பையன் ஒருவன் ஒரு செலக்‌ஷன் போட்டியில் மூன்றாவதாக வந்தான். முதல் இரண்டு பேருக்குத்தான் அடுத்த கட்டம். சுவரில் ஒட்டியிருந்த தாளை அவன் அப்பா நாலு தடவை படித்துவிட்டு என்னிடம் வந்தார்.

"அவனும் ஆறு பாயிண்ட், இவனும் ஆறு பாயிண்ட். அப்புறம் எப்படி சார் இவன் மூணாவது?"

"டைபிரேக் சார். புக்கோல்ஸ்னு சொல்வாங்க. நம்ம பையன் யார் யார்கூட ஆடினானோ அவங்க எல்லாரும் எடுத்த பாயிண்டைக் கூட்டுவாங்க. யாருக்குக் கூட்டுத்தொகை ஜாஸ்தியோ அவன் மேல."

"இவன்கிட்ட தோத்தவங்க அடுத்த ரவுண்டுலயும் தோத்தா அதுக்கு இவன் என்ன சார் பண்ணுவான்?"

நியாயமான கேள்வி. என்னிடம் பதில் இல்லை. பையன் படிக்கட்டில் உட்கார்ந்து செருப்பு வாரைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தான். பஸ் ஸ்டாண்டு வரை நடக்கும்போது, இதே மாதிரி ஒருத்தருக்கு இதைவிடப் பெரிய இடத்தில் நடந்திருக்கிறது என்று ஆரம்பித்தேன். ரஷ்யாக்காரர், ஆந்த்ரேய் எசிபென்கோ என்று பெயர் என்றேன். பையனின் அப்பா தலையை ஆட்டினார், காதில் வாங்கவில்லை. பஸ் வந்துவிட்டது. அன்றைக்குச் சொல்ல முடியாமல் போனதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எசிபென்கோ 2002 மார்ச் 22 அன்று நோவோசெர்காஸ்க்கில் பிறந்தவர். தெற்கு ரஷ்யாவில், ரஸ்தோவ் மாகாணத்தில் இருக்கும் ஊர். டான் நதிக்கரையின் கொசாக் என்ற போர்வீரச் சமூகத்துக்கு ஒரு காலத்தில் தலைநகரம். மின்சார ரயில் எஞ்சின் செய்யும் பெரிய தொழிற்சாலை அங்கே இருக்கிறது. 1962-ல் இறைச்சி, வெண்ணெய் விலையை அரசாங்கம் ஏற்றியபோது அந்தத் தொழிற்சாலை ஆட்கள் வேலையை நிறுத்தித் தெருவில் இறங்கினார்கள். ராணுவம் சுட்டது. இருபதுக்கும் மேற்பட்டோர் செத்துப்போனார்கள். சோவியத் ஆட்சி அந்தச் செய்தியையே பல வருடம் மூடி வைத்தது. செஸ்ஸுக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இல்லைதான். ஆனால் அந்த ஊர்ப் பெயரைக் கேட்டதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான். அந்த மாகாணம் உக்ரைன் எல்லையை ஒட்டியது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அது பின்னால் வரும்.

ரஷ்யாவில் செஸ் ஆடும் பிள்ளை என்றால் நம் ஊரில் கிரிக்கெட் மட்டையைத் தூக்கும் பிள்ளை மாதிரி. கூட்டத்தில் ஒருவன். சோவியத் காலத்தில் போட்டுவைத்த படிநிலை இன்றும் அங்கே உண்டு: மூன்றாம் தரம், இரண்டாம் தரம் என்று ஏறி, மாஸ்டருக்கு முந்தைய படி, அப்புறம் மாஸ்டர். பரீட்சை எழுதி வகுப்பு ஏறுவது போலத்தான். அந்த ஏற்பாட்டின் ஒரு சின்னக் கிளை சென்னைக்கும் வந்தது. அன்றைய சோவியத் கலாசார மையத்தில் மிகயீல் தால் பெயரில் நடந்த செஸ் கிளப்பில்தான் சிறுவன் ஆனந்த் ஆடி வளர்ந்தார். எனக்கு அந்த பாக்கியம் இல்லை. ஆனால் என்சிபிஎச் புத்தகக் கண்காட்சியில் அடிமாட்டு விலைக்கு வாங்கிய ரஷ்யப் புத்தகம் ஒன்றை வைத்துத்தான் நான் எண்ட்கேம், அதாவது ஆட்டத்தின் கடைசிக் கட்டம், கற்றேன். கெட்டி அட்டை, பழுப்புத் தாள், மண்ணெண்ணெய் மாதிரி ஒரு வாசனை. செஸ் என்றால் ரஷ்யா என்று நினைத்து வளர்ந்த கடைசித் தலைமுறை எங்களுடையது.

எசிபென்கோ பிறந்தபோது உலக சாம்பியன் பட்டங்களில் ஒன்று விளாதிமிர் கிராம்னிக்கிடம் இருந்தது. 2007-ல் கிராம்னிக் அதை ஆனந்திடம் விட்டார். அதற்குப் பிறகு ரஷ்யர் யாரும் அந்த நாற்காலியில் உட்காரவில்லை. செர்கெய் கர்யாகின் 2016-ல் நியூயார்க்கில் முட்டிப் பார்த்தார். இயான் நெப்போம்னியாச்சி 2021-ல் துபாயில் ஒரு முறை, 2023-ல் அஸ்தானாவில் இன்னொரு முறை. மூன்றும் தோல்வி. 'அடுத்தது யார்' என்ற கேள்வி அங்கே எப்போதும் நின்றுகொண்டே இருக்கும். ரஷ்யாவில் வளரும் பையன் ஒவ்வொருவனுடைய தலையிலும் அந்தக் கேள்வி ஏறும்.

எசிபென்கோவின் சிறுவயதுப் பட்டியல் குறை சொல்ல முடியாதது. 2012-ல் பத்து வயதுக்குட்பட்டோர் ஐரோப்பிய சாம்பியன். 2017-ல் பதினாறு வயதுக்குட்பட்டோரில் ஐரோப்பிய சாம்பியன், அதே வருடம் அதே பிரிவில் உலக சாம்பியன். 2018-ல் கிராண்ட்மாஸ்டர். அதே 2018-ல்தான் நம் பிரக்ஞானந்தாவும் பன்னிரண்டு வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆனார். பத்திரிகைகள் வயதை வருடம், மாதம், நாள் என்று பிரித்துப் போட்டுக் கொண்டாடின. பதினாறு வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆகிறவனை அந்த வருடம் யாரும் அதிசயமாகப் பார்க்கவில்லை. எங்கள் மாடிக்கு வரும் பெற்றோர்கூட இப்போது, "சார், பன்னெண்டு வயசுக்குள்ள ஆகலேன்னா அப்புறம் கஷ்டமாமே?" என்று கேட்கிறார்கள். யார் இவர்களுக்கு இதைச் சொல்கிறார்கள் என்று தெரியவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். முதல் மூன்றாம் இடம்.

2021 ஜனவரி. நெதர்லாந்தில் கடற்கரையோரம் விக் ஆன் ஸீ என்று ஒரு கிராமம். 1938-லிருந்து நடந்துவரும் போட்டி, குளிர்காலத்தில் பட்டாணி சூப் பரிமாறுவதற்கும் பேர்போனது. அந்த வருடம் கொரோனா என்பதால் சூப்பும் இல்லை, பார்வையாளரும் இல்லை. வழக்கமாகப் பக்கத்திலேயே நூற்றுக்கணக்கான அமெச்சூர்கள் ஆடுவார்கள், அதுவும் இல்லை. பதினான்கு பேர் மட்டும் அமைதியான ஒரு கூடத்தில். எசிபென்கோவுக்கு 18 வயது, ரேட்டிங் 2677. இந்த அளவு பெரிய போட்டிக்கு அவர் புதுசு.

ஜனவரி 24, ஞாயிற்றுக்கிழமை, எட்டாவது ரவுண்டு. வெள்ளைக் காய்கள் எசிபென்கோவுக்கு. எதிரே மேக்னஸ் கார்ல்சன், உலக சாம்பியன், ரேட்டிங் 2862. நம் நேரத்துக்கு மாலை ஆறரைக்கு ஆட்டம். நான் ஆன்லைனில் வகுப்பு எடுத்துக்கொண்டே இன்னொரு ஜன்னலில் அதைத் திறந்து வைத்திருந்தேன். பெற்றோர் மன்னிக்கவும்.

கார்ல்சன் சிசிலியன் என்ற தொடக்க முறையை ஆடினார். சிசிலியனில் கறுப்பு ராணிப் பக்கம் சிப்பாயை பி5 கட்டத்துக்குத் தள்ளி இடம்பிடிப்பது வாடிக்கை. வெள்ளை அந்தச் சிப்பாயின் மேல் பிஷப்பைக் கொண்டுபோய் அடித்து, பிஷப்பைப் பலி கொடுத்துவிட்டுப் பின்னாலேயே குதிரையை இறக்குவது பழைய வித்தை. எங்கள் ஊர்ப் பெரியவர்கள் பிஷப்பை மந்திரி என்பார்கள். மந்திரியைக் கொடுத்து ராஜாவின் வீட்டுக் கதவைப் பெயர்ப்பது என்று வையுங்கள். புத்தகத்தில் எல்லாரும் படித்திருப்பார்கள். ஆனால் எதிரே கார்ல்சன் உட்கார்ந்திருக்கும்போது, ஒரு வேளை தான் பார்க்காத ஒரு பதில் இருந்துவிட்டால் என்ற பயம் வரும். பெரும்பாலானவர்கள் கை அந்த பிஷப்பைத் தொட்டுவிட்டுத் திரும்பிவிடும். எசிபென்கோவின் கை திரும்பவில்லை. பி5-ல் பிஷப் விழுந்தது. அடுத்த ஒரு மணி நேரத்தில் கம்ப்யூட்டரின் மதிப்பீட்டுப் பட்டை வெள்ளைப் பக்கமே ஏறிக்கொண்டு போனது. கார்ல்சன் 38-வது நகர்த்தலோடு ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார்.

இந்த ஆட்டத்தை என் வகுப்பில் இதுவரை ஏழெட்டு தடவை போட்டுக் காட்டியிருப்பேன். பிஷப் விழும் இடத்தில் நிறுத்தி, "இங்க என்ன ஆடுவீங்க?" என்று கேட்பேன். பத்துக்கு எட்டுப் பிள்ளைகள் உடனே பிஷப்பைக் காட்டுவார்கள். எதிரே யார் என்று சொல்லாதவரை.

அந்தப் போட்டியில் எசிபென்கோ ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை. 13-க்கு 8 புள்ளி. அனிஷ் கிரியும் யோர்டன் வான் ஃபோரஸ்ட்டும் எட்டரை எடுத்து முதலிடத்துக்கு மோதினார்கள், வான் ஃபோரஸ்ட் ஜெயித்தார். எட்டுப் புள்ளியில் மூன்று பேர்: எசிபென்கோ, ஃபாபியானோ கருவானா, அலிரேஸா ஃபிரூஸ்ஜா. டைபிரேக்கில் எசிபென்கோ மேலே வந்து மூன்றாவது. கார்ல்சன் ஆறாவது. கூட்டிக் கழிக்கும் டைபிரேக் அவருக்குச் சாதகமாக வேலை செய்தது அந்த ஒரு முறைதான் என்று எனக்குத் தோன்றும்.

அந்த ஜனவரியில் எசிபென்கோவின் பெயர் எல்லா இடத்திலும் வந்தது. அதே வருடம் கோடையில் சோச்சி நகரில் உலகக் கோப்பை நடந்தது. நாக் அவுட் முறை. இரண்டு நீண்ட ஆட்டம், சமன் என்றால் வேகமான ஆட்டங்கள் (இதையும் டைபிரேக் என்றுதான் சொல்வார்கள்), தோற்றவர் அன்றைக்கே பெட்டி கட்ட வேண்டியதுதான். கடைசிப் பதினாறு பேரில் எசிபென்கோவுக்கு எதிரே மறுபடியும் கார்ல்சன். நீண்ட ஆட்டங்களில் அவரால் எசிபென்கோவை அசைக்க முடியவில்லை. டைபிரேக் போனது. அங்கே கார்ல்சன் கணக்கைத் தீர்த்துக்கொண்டார். அந்த வருடம் எசிபென்கோவின் ரேட்டிங் 2700-ஐத் தாண்டியது. உலகத்தில் எந்த நேரத்திலும் முப்பது, நாற்பது பேர்தான் அந்தக் கோட்டுக்கு மேலே இருப்பார்கள்.

அப்புறம் 2022 பிப்ரவரி வந்தது.

இந்த இடத்தில் தமிழ் வாசகர்கள் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். அந்த வருடம் மாமல்லபுரத்தில் நடந்ததே, நேப்பியர் பாலத்துக்கே செஸ் போர்டு மாதிரி கறுப்பு வெள்ளை அடித்தோமே, குதிரை முகத்தோடு வேட்டி கட்டிய 'தம்பி' எல்லாச் சுவரிலும் கைகூப்பி நின்றானே, நாடுகள் அணி அணியாக மோதும் அந்த 44-வது செஸ் ஒலிம்பியாட் முதலில் நமக்கு வந்ததல்ல. மாஸ்கோவில் நடப்பதாக இருந்தது. ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் நுழைந்த மறுநாளே ஃபிடே அதை மாஸ்கோவிலிருந்து எடுத்தது. மார்ச் நடுவில் சென்னை என்று அறிவித்தார்கள். நாலே மாதத்தில் தமிழ்நாடு அதை நடத்திக் காட்டியது. எனக்கு அதில் இன்றைக்கும் பெருமைதான். நானும் இரண்டு நாள் லீவு போட்டு வேனில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனேன்.

அங்கே 16 வயது குகேஷ் முதல் எட்டு ஆட்டங்களையும் தொடர்ந்து ஜெயித்ததைப் பார்த்தோம். அணிகளின் முதல் ஆட்டக்காரர்கள் மோதும் முதல் போர்டில் தனிநபர் தங்கம் அவருக்கு. உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது அந்த மேடையில்தான். அதே மேடை மாஸ்கோவில் போடப்பட்டிருந்தால், 20 வயது எசிபென்கோவுக்குச் சொந்த மண்ணில் ரஷ்ய அணியில் இடம் கிடைத்திருக்க நல்ல வாய்ப்பு இருந்தது. 2024 வரை நேரில் நடந்த ஒலிம்பியாட் ஒன்றுகூட அவர் ஆடியதில்லை. 2020-ல் கொரோனா. இணையத்தில் நடந்த ஒலிம்பியாடில் ரஷ்ய அணியில் இருந்தார். இறுதிப் போட்டியில் சர்வர் கோளாறாகி இந்தியாவுக்கும் ரஷ்யாவுக்கும் தங்கத்தைப் பங்கு போட்டுக் கொடுத்தார்களே, அது. 2022-லும் 2024-லும் ரஷ்ய அணிக்கே தடை.

இதைப் பாவம் என்று சொல்லி முடிக்க எனக்கு மனம் வரவில்லை. மாமல்லபுரத்தில் பெண்கள் பிரிவில் தங்கம் வாங்கியது உக்ரைன். ஊரில் குண்டு விழுந்துகொண்டிருக்கும்போது வந்து ஆடி வாங்கினார்கள். அவர்கள் மேடையில் நின்றதை நினைத்தால், ஒரு ரஷ்யப் பையனுக்கு ஒலிம்பியாட் போச்சே என்ற வருத்தம் தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. ஆனால் வருத்தம் இல்லாமலும் இல்லை. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்க எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அந்த மார்ச் தொடக்கத்தில் ரஷ்ய செஸ் ஆட்டக்காரர்கள் 44 பேர் அதிபர் புதினுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். உக்ரைனில் ராணுவ நடவடிக்கையை எதிர்க்கிறோம், உடனே சண்டையை நிறுத்துங்கள் என்று. நெப்போம்னியாச்சி, பீட்டர் ஸ்விட்லர், அலெக்சாந்த்ரா கோஸ்தென்யுக் கையெழுத்துப் போட்டார்கள். எசிபென்கோவும் போட்டார். ராணுவத்தைப் பற்றிப் 'பொய்ச் செய்தி' பரப்பினால் பதினைந்து ஆண்டுவரை சிறை என்ற சட்டத்தை ரஷ்யா கொண்டுவந்ததும் அதே வாரம்தான். அவருக்கு அப்போது இருபது வயதுகூட முடியவில்லை. சொந்த ஊர் இருக்கும் மாகாணம் போர் நடக்கும் எல்லையில் இருக்கிறது. பி5-ல் விழுந்த அந்த பிஷப்பை வகுப்பில் காட்டும்போதெல்லாம் இந்தக் கையெழுத்தையும் சொல்ல வேண்டும் என்று நினைப்பேன். பதினோரு வயதுப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் விட்டுவிடுவேன்.

எல்லாரும் அந்தப் பக்கம் நிற்கவில்லை. கர்யாகின் போரை வெளிப்படையாக ஆதரித்துப் பேசினார். ஃபிடே அவரை ஆறு மாதம் தடை செய்தது, அதில் உலக சாம்பியனோடு மோதுகிறவரைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸ் போட்டியில் அவர் இடம் பறிபோனது.

அதற்குப் பிறகு ரஷ்யர்கள் ஆடலாம், ஆனால் ரஷ்யக் கொடியோடு ஆட முடியாது என்று ஆனது. பெயர்ப் பலகையில் ஃபிடே கொடி. பலர் நாடு மாறிவிட்டார்கள். விளாதிமிர் ஃபெடொசெயெவ் ஸ்லோவேனியாவுக்கு, அலெக்ஸேய் சரானா செர்பியாவுக்கு, நிகிதா வித்யுகோவ் இங்கிலாந்துக்கு, கோஸ்தென்யுக் சுவிட்சர்லாந்துக்கு. எசிபென்கோ ஃபிடே கொடியிலேயே இருந்துகொண்டார். ஏன் என்று ஊகிக்க நான் யார்? வீடு, அப்பா அம்மா, மொழி, சோம்பல், எதுவாகவும் இருக்கலாம். பின்னால் வரப்போகும் கோவா ஆட்டத்தை வகுப்பில் போட்டபோது ஒரு பெண் குழந்தை, "சார், இது எந்த நாட்டுக் கொடி?" என்று கேட்டது. "நாடு இல்லம்மா, செஸ் சங்கத்தோட கொடி" என்றேன். "அப்ப அவருக்கு நாடு இல்லையா?" என்றது.

கொடியைவிடப் பெரிய அடி அழைப்பிதழில் விழுந்தது. செஸ்ஸில் மேல் மட்டத்துப் போட்டிகள் அழைப்பின் பேரில் நடப்பவை. பத்து, பதினான்கு பேரைப் போட்டி நடத்துகிறவர்களே கூப்பிடுவார்கள். பெரிய ஆட்களோடு திரும்பத் திரும்ப ஆடினால்தான் ஆட்டம் கூர்மையாகும், ரேட்டிங்கும் நிலைக்கும். கூப்பிடாவிட்டால் ஓப்பன் போட்டிகளில் தன்னைவிட இருநூறு புள்ளி குறைந்தவர்களோடு மல்லுக்கட்ட வேண்டும், அங்கே ஒரு டிரா ஆனாலும் நஷ்டம். 2022 ஜனவரியில் எசிபென்கோ மறுபடியும் விக் ஆன் ஸீயில் ஆடினார். 2023-ல் அதே போட்டியின் முதன்மைப் பட்டியலில் ரஷ்யர் ஒருவர்கூட இல்லை. அதே பட்டியலில் குகேஷ், பிரக்ஞானந்தா, அர்ஜுன் எரிகைசி மூன்று பேரும் இருந்தார்கள். நம் பிள்ளைகள் திறமையால்தான் உள்ளே போனார்கள், அதில் சந்தேகமே இல்லை. ஆனாலும் அந்த இரண்டு வருடங்களில் ஒரு கதவு திறந்ததும் இன்னொரு கதவு சாத்தியதும் ஒரே நேரத்தில் நடந்தது. இதை நம் ஊர் செஸ் பேச்சில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

அழைப்பு இல்லாதவனுக்கு இருக்கும் வழி, யாருடைய தயவும் வேண்டாத தகுதிப் போட்டிகள். உலகக் கோப்பை ஒன்று. கிராண்ட் ஸ்விஸ் இன்னொன்று.

இரண்டாவது மூன்றாம் இடத்துக்கு வந்துவிட்டோம். 2023 அக்டோபர் கடைசியில் ஐல் ஆஃப் மேன் தீவில் கிராண்ட் ஸ்விஸ் தொடங்கியது. 114 பேர், பதினோரு ரவுண்டு. முதல் இரண்டு பேருக்கு டொரன்டோ கேண்டிடேட்ஸ் டிக்கெட். கேண்டிடேட்ஸில் ஜெயித்தால் உலக சாம்பியனோடு மோதலாம். அதாவது, எந்தக் கொடியும் இல்லாத ஒருவன் நேராக உச்சிக்குப் போக அந்த இரண்டு இடங்களில் ஒன்றைப் பிடித்தால் போதும்.

பத்து ரவுண்டு முடிந்தபோது முன்னணியில் மூன்று பேர், ஆளுக்கு ஏழரைப் புள்ளி. நாசிக்கின் விதித் குஜராத்தி, அமெரிக்காவின் ஹிகாரு நகமுரா, எசிபென்கோ. மூன்று பேர், இரண்டு நாற்காலி. கடைசி ரவுண்டில் நகமுராவும் எசிபென்கோவும் நேருக்கு நேர். விதித் அலெக்ஸாந்தர் பிரெட்கேயை ஜெயித்து எட்டரையோடு சாம்பியன் ஆனார். நகமுராவும் எசிபென்கோவும் டிரா செய்தார்கள். இருவருக்கும் எட்டு.

பிறகு கூட்டல். யார் யாரோடு ஆடினார்கள், அவர்கள் எத்தனை எடுத்தார்கள். நகமுரா மேலே. எசிபென்கோ மூன்றாவது.

எங்கள் மாடிப் பையனின் அப்பா கேட்ட கேள்வியை நான் அந்த நவம்பர் மாலையிலேயே கேட்டுக்கொண்டேன். பதினோரு நாள் தன் ஆட்டத்தை ஆடிவிட்டு, கடைசியில் தன் எதிராளிகள் வேறு யாரோடோ ஆடிய ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். புக்கோல்ஸ் கெட்ட முறை இல்லை, அதைவிட நல்ல முறையை யாரும் கண்டுபிடிக்கவும் இல்லை. கடினமான எதிராளிகளோடு ஆடியவனுக்குக் கொஞ்சம் கூடுதல் மதிப்புத் தருவது சரிதான். ஆனால் உலக சாம்பியன் பட்டத்துக்கான வாசலில் அதை வைக்கலாமா என்றால், எனக்கு ஒப்பவில்லை. இரண்டே இரண்டு ரேபிட் ஆட்டம், அதாவது வேகமான ஆட்டம், வைத்தால் என்ன? இன்னும் மூன்று மணி நேரம். அந்தத் தீவிலிருந்து ஃபிளைட்டைக் கொஞ்சம் தள்ளிப் போட்டால் முடிந்தது. (கடைசி ரவுண்டில் எசிபென்கோ அடித்து ஆடியிருக்கலாமே என்று யாராவது கேட்பார்கள். எதிரே நகமுரா. கேட்பது சுலபம்.)

டொரன்டோ கேண்டிடேட்ஸுக்கு விதித், நகமுரா போனார்கள். பிரக்ஞானந்தா போனார். அந்த டிசம்பரில் சென்னையில் நடந்த போட்டியை ஜெயித்து, வருடம் முழுக்கப் போட்டிகளில் சேர்க்கும் ஃபிடே சர்க்யூட் புள்ளிகள் வழியாக குகேஷும் உள்ளே வந்தார். அப்புறம் நடந்தது எல்லாருக்கும் தெரியும். கேண்டிடேட்ஸை ஜெயித்து, சிங்கப்பூரில் டிங் லிரனை வீழ்த்தி, 18 வயதில் குகேஷ் உலக சாம்பியன்.

எசிபென்கோ அடுத்த இரண்டு வருடம் ஆடிக்கொண்டுதான் இருந்தார். ரேட்டிங் 2700-க்குக் கீழே வந்தது. 'அடுத்தது யார்' என்ற கேள்வியில் வேறு பெயர் ஏறியது. 2024 டிசம்பரில் நியூயார்க்கில், நிஷ்னி தாகில் ஊரிலிருந்து வந்த 18 வயது வோலதார் முர்ஸின் உலக ரேபிட் சாம்பியன் ஆனார். கார்ல்சன் ஜீன்ஸ் போட்டு வந்து சண்டை பிடித்துக் கிளம்பிப்போன போட்டி அது. எல்லாரும் ஜீன்ஸைப் பற்றிப் பேசினார்கள், ஜெயித்த பையனை மறந்துவிட்டார்கள். அவருக்கும் ரஷ்யக் கொடி இல்லை.

மூன்றாவது மூன்றாம் இடம் நமக்குப் பக்கத்திலேயே நடந்தது.

2025 நவம்பரில் கோவாவில் உலகக் கோப்பை. 206 பேர். கோப்பைக்கு விஸ்வநாதன் ஆனந்த் பெயர் வைத்திருந்தார்கள். முதல் மூன்று பேருக்குக் கேண்டிடேட்ஸ். நம் ஊரில் போட்டி, பலமான அணி, போதாக்குறைக்கு உலக சாம்பியனே ஆடுகிறார். எங்கள் வாட்ஸாப் குரூப்பில் முதல் வாரம் மெசேஜ் நிற்கவே இல்லை. குகேஷ் மூன்றாவது சுற்றில் ஃபிரெடரிக் ஸ்வானேயிடம் தோற்றார். நாலாவது சுற்றில் டேனில் துபோவ் பிரக்ஞானந்தாவை வெளியேற்றினார். துபோவும் ரஷ்யாக்காரர்தான், குறும்புக்காரர், அவரைப் பற்றித் தனியாக ஒரு பதிவு எழுதலாம். அர்ஜுன் காலிறுதியில் வெய் யியிடம் விழுந்தார். அதோடு குரூப் அமைதியாகிவிட்டது. அதன் பிறகு ஐயப்பன் கோயில் குருசாமி நம்பரைக் கேட்டுத்தான் அதில் மெசேஜ் வந்தது.

நான் பார்ப்பதை நிறுத்தவில்லை. எசிபென்கோ சத்தமில்லாமல் ஏறிக்கொண்டிருந்தார். நாலாவது சுற்றில் வின்சென்ட் கெய்மர். போட்டியின் மேல் வரிசை ஆட்களில் ஒருவர், அந்த வருடம் நல்ல ஃபார்மில் இருந்தவர். அவரை டைபிரேக்கில் சாய்த்தார். அடுத்தது சக ரஷ்யர் அலெக்ஸேய் கிரெப்னெவ். காலிறுதியில் அமெரிக்காவின் சாம் ஷங்க்லண்ட், அதுவும் டைபிரேக். அரையிறுதியில் வெய் யி. அதுவும் டைபிரேக், இந்த முறை தோல்வி.

நாக் அவுட் போட்டியில் மூன்றாம் இடத்துக்கான ஆட்டம் மாதிரி வேண்டாவெறுப்பான ஆட்டம் வேறு கிடையாது. முந்தின நாள்தான் கனவு உடைந்திருக்கும். மூன்று வாரமாக அதே ரிசார்ட், அதே மெத்தை, அதே காலை பஃபே. உடம்பு ஊருக்குப் போகலாம் என்று கெஞ்சும். ஃபுட்பாலில் இந்த ஆட்டத்தை யாரும் பார்ப்பதுகூட இல்லை. கோவாவில் மட்டும் அந்த ஆட்டத்தின் விலை வேறு. ஜெயித்தால் கேண்டிடேட்ஸ். தோற்றால் நாலாவது, பணத்தை வாங்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். ஐல் ஆஃப் மேனில் எந்த இடம் கதவைச் சாத்தியதோ அதே இடம் இங்கே கதவைத் திறந்து வைத்திருந்தது. போட்டி விதிப் புத்தகத்தில் எவரோ 'இரண்டு' என்ற இடத்தில் 'மூன்று' என்று போட்டதால் வந்த வித்தியாசம்.

எதிரே உஸ்பெகிஸ்தானின் நோதிர்பெக் யாகுபோயெவ். மதியம் மூன்று மணிக்கு ஆட்டம். முதல் ஆட்டத்தை எசிபென்கோ ஜெயித்தார். இரண்டாவது நாள் டிரா செய்தாலே போதும். நான் அன்றைக்குக் குளித்தலையில் ஒரு பாலிசிதாரர் வீட்டில் இருந்தேன். மெச்சூரிட்டி பணம் ஏன் இன்னும் வரவில்லை என்று அவர் விளக்கம் கேட்டுக்கொண்டிருக்க, நான் மேசைக்குக் கீழே போனைப் பிடித்துக்கொண்டு "ஆமாங்க, ஆமாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். டிரா போதும் என்ற நாளில் மனிதர்கள் பதுங்கி ஆடித் தோற்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், நானே செய்திருக்கிறேன். எசிபென்கோ அந்த ஆட்டத்தையும் ஜெயித்தார். இரண்டுக்குச் சைபர். டைபிரேக் வரை போகவே இல்லை.

2026 சைப்ரஸ் கேண்டிடேட்ஸில் அவருக்கு ஒரு நாற்காலி கிடைத்துவிட்டது. கோப்பையை 19 வயது ஜவோகிர் சிந்தாரோவ் தூக்கினார், வெய் யி இரண்டாவது.

அன்று இரவு பஸ்ஸில் திரும்பும்போது, கடைசி நான்கு பேர் பட்டியலை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, எசிபென்கோ பெயரைச் சிவப்பில் வட்டம் போட்டு, மாடிப் பையனின் அப்பாவுக்கு அனுப்பினேன். 'நான் அன்னைக்குச் சொன்ன ஆள் இவர்தான் சார். போன தடவை மூணாவது வந்து வாய்ப்புப் போச்சு. இந்தத் தடவையும் மூணாவதுதான்' என்று கீழே எழுதினேன். இரண்டு நீல டிக் விழுந்தது. வீடு வந்து சாப்பிட்டு முடித்த பிறகு பதில் வந்தது.

"சார், இதுல நம்ம பசங்க ஒருத்தர்கூட இல்லையா?"

பதில் டைப் செய்ய ஆரம்பித்தேன். நாலைந்து வரி போனதும் அழித்துவிட்டேன். சனிக்கிழமை வகுப்பு இருக்கிறது, பையனைக் கூட்டிக்கொண்டு எப்படியும் வருவார்.